லோக்கல் சேனலில் ரிப்போர்ட்டர் வேலை: மைக்குக்கு டெபாசிட் கேட்கிறார்கள், சேரலாமா?

மழைத்துளி_22 · ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. எம்.ஏ. இதழியல் இந்த வருடம்தான் முடித்தேன். சொந்த ஊர் வட மாவட்டங்களில் ஒரு மாவட்டத் தலைநகர். அதற்கு மேல் சொன்னால் யாரென்று தெரிந்துவிடும், மன்னிக்கவும்.

எங்கள் ஊர் கேபிளில் ஓடுகிற லோக்கல் சேனல் ஒன்றில் செய்தியாளர் வேலைக்குப் போன வாரம் கூப்பிட்டிருந்தார்கள். ஆபீஸ் ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில். பாதி இடத்தில் செட்டாப் பாக்ஸ் அட்டைப்பெட்டிகள், மீதிப் பாதியில் பச்சைத் துணி கட்டிய சுவரும் செய்தி வாசிக்கிற மேஜையும். ஓனர் நன்றாகத்தான் பேசினார். ஒரு செய்தி எழுதிக் காட்டச் சொன்னார், காட்டினேன், 'தமிழ் சுத்தமா இருக்கும்மா' என்றார். அப்புறம்தான் கணக்குக்கு வந்தார்.

முதல் ஆறு மாதம் டிரெய்னிங், மாதம் 7,000. வண்டி, பெட்ரோல், போன் எல்லாம் என்னுடையது. ஐடி கார்டுக்கும் லோகோ போட்ட மைக்குக்கும் 10,000 டெபாசிட், வேலையை விடும்போது திருப்பித் தருவார்களாம். விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் 20 சதவீதம் கமிஷன். வேலைக்கான ஆர்டர் கிடையாது. 'நம்ம குடும்பம் மாதிரிம்மா, ஆர்டர் எல்லாம் எதுக்கு?'

இன்னொரு பக்கம் சென்னையில் ஒரு நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களுக்கு வாசகம் எழுதுகிற வேலை தயாராக இருக்கிறது, 18,000. அப்பா அதற்குத்தான் போகச் சொல்கிறார். எனக்கு நியூஸ்தான் வேண்டும், அது பிளஸ் டூவிலேயே முடிவானது. துறையில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள். சரி சொல்வதற்கு முன்னால் நான் என்னென்ன கேட்க வேண்டும்?

ஊர்க்குருவி · ஞாயிறு, இரவு 9.20

மைக்குக்கு டெபாசிட்டா? மீன்கடையில் சேர்ந்தால் அரிவாள்மணைக்கு டெபாசிட் கேட்பார்களா? ஓடிவிடு தாயி.

முன்னாள்_மைக் · திங்கள், காலை 6.05

ஊர்க்குருவி சிரிக்க வைத்துவிட்டார். ஆனால் அந்த டெபாசிட் எதற்கு என்று புரிந்தால் இந்த வேலையே புரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் மத்திய மாவட்டம் ஒன்றில் ஓடினேன். முதல் மூன்று வருடம் உன்னைக் கூப்பிட்ட மாதிரியான லோக்கல் சேனல். அப்புறம் ஒரு சாட்டிலைட் நியூஸ் சேனலுக்குத் தாலுகா ஸ்டிரிங்கர். இப்போது மளிகை ஏஜென்சி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு என்பதையே இன்னும் நம்ப முடியவில்லை.

தங்கச்சி, அவர் பணம் கேட்பது மைக்குக்கு இல்லை. அதன் கழுத்தில் மாட்டுகிற லோகோ டப்பாவுக்கு. ஓனர் கணக்கில் அந்த லோகோதான் சம்பளம். 'லோகோவைக் கொடுத்துட்டேன், ஊருக்குள்ள போய்ப் பொழைச்சுக்கோ' என்று வாயால் சொல்ல மாட்டார். ஆனால் 7,000-க்கு அர்த்தம் அதுதான். பெட்ரோல் போட்டு, போனுக்கு டேட்டா போட்டு, மதியம் ஒரு தயிர்சாதம் சாப்பிட்டால் அந்த ஏழாயிரம் 18-ஆம் தேதியோடு சரி. மீதி 12 நாளுக்கு நீ என்ன செய்கிறாய் என்று அவர் கேட்கவே மாட்டார்.

ஸ்டிரிங்கர் ஆனபோது அந்த ஏழாயிரமும் போனது. மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. எனக்கு ஒரு செய்திக்கு 150 ரூபாய், ஆட்கள் பேசுகிற பைட் எல்லாம் சேர்த்து பேக்கேஜாகப் போனால் 300. அனுப்பியதற்குக் காசில்லை, ஓடியதற்குத்தான். 40 கிலோமீட்டர் வண்டியில் போய் லாரி விபத்து எடுத்து அனுப்புவேன். அன்றைக்குப் பார்த்து சென்னையில் ஒரு பெரிய நடிகர் வாயைத் திறந்திருப்பார். என் விபத்து திரைக்கு அடியில் ஓடுகிற ஸ்க்ரோலில் ஒரு வரியாகப் போகும். ஸ்க்ரோலுக்குக் காசு கிடையாது.

2019 தீபாவளி எனக்கு மறக்காது. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டி. அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டது என்று போன் வந்தது. அரை டிராயரோடு கிளம்பாத குறை. அன்று இரவு பூராவும் நாங்கள் நாலைந்து உள்ளூர்க்காரர்கள்தான் விஷுவல் அனுப்பினோம். மறுநாள் லைவ் வேன்கள் வந்தன, சென்னை முகங்கள் வந்தன. அவர்களுக்கு ரூம் போட்டிருந்தார்கள். நாங்கள் வரப்பில் பிளக்ஸ் பேனரை விரித்து, தூறல் போட்டால் அதையே மேலே போர்த்திக்கொண்டு படுத்தோம். பக்கத்தில் இன்னொரு குழி தோண்டிக்கொண்டிருந்த ரிக், பாறையில் மோதி மோதி நின்றது. ஞாயிறு தீபாவளி. வீட்டிலிருந்து மகள் போனில் 'அப்பா, மத்தாப்பு' என்கிறாள், எனக்கு எதிரே அந்தக் குழி. செவ்வாய்க்கிழமை விடியுமுன் உடலைத்தான் எடுத்தார்கள்.

அந்த நாலு நாளுக்கு என் கணக்கில் ஏறியது ஆறு செய்தி. லைவில் பேசியது சென்னைக்காரர் என்பதால் லைவ் என் கணக்கில் வராதாம். அந்தக் காசும் பொங்கலுக்குத்தான் வந்தது.

நீ ஓனரிடம் கேட்க வேண்டியதில் முதல் கேள்வி இதுதான்: ஒரு மாதம் ஒரு விளம்பரமும் பிடிக்கவில்லை என்றால் ஒன்றாம் தேதி சம்பளம் வருமா? பதில் சொல்லும்போது முகத்தைப் பார்.

கேபிள்_கண்ணன் · திங்கள், காலை 10.31

நான் அந்தப் பக்கத்து ஆள். திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

கேபிள் தொழிலுக்கு வந்து 25 வருடத்துக்கு மேல். தென்மாவட்டத்தில் சின்ன ஊர். ஒரு காலத்தில் என்னிடம் 1,400 கனெக்‌ஷன். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தது, மக்களுக்கு நல்லதுதான், எங்கள் கையில் நின்றது குறைந்தது. அப்புறம் டிடிஎச் குடை மொட்டை மாடிக்கு மாடி முளைத்தது. இப்போது எல்லாரும் போனில்தான் பார்க்கிறார்கள். இன்று 500 வீடு கூட இல்லை.

லோக்கல் சேனலில் நியூஸ் போட்டு யாரும் பணம் பார்த்ததில்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, அட்சய திருதியை, இந்த மூன்று சீசனில் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் கொடுப்பதுதான் வருமானம். நடுவில் காதணி விழா வாழ்த்து, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி ஸ்லைடு, கும்பாபிஷேக லைவ். இப்போது ஜவுளிக்கடைக்காரரே ஊர் பேரில் ரீல்ஸ் பக்கம் நடத்துகிற பையனைக் கூப்பிட்டு விளம்பரம் எடுத்துக்கொள்கிறார். எனக்கு மிஞ்சுவது நினைவஞ்சலிதான்.

டெபாசிட் விஷயம். நானும் வாங்குகிறேன், மறைக்கவில்லை. ஏன் என்று கேளுங்கள். இரண்டு பையன்கள் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு மைக்கோடும் கார்டோடும் காணாமல் போனார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன். என் சேனல் லோகோவைக் காட்டி கல்குவாரியில் மாதாமாதம் வசூல் பண்ணியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் கைகட்டி நின்றது நான். அதற்கப்புறம்தான் டெபாசிட்.

டெஸ்க்பூனை · திங்கள், மதியம் 1.15

கண்ணன் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கதையை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். மூன்று மாதம் கையில் எவ்வளவு கொடுத்தீர்கள்? அந்த லோகோவுக்குக் குவாரியில் மதிப்பு உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா?

நான் சென்னையில் ஒரு நியூஸ் சேனலில் மாவட்ட டெஸ்க், மாவட்டங்களிலிருந்து வருகிற செய்தியை வாங்கிப் பார்க்கிற வேலை. எங்கள் பக்கமும் யோக்கியமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காலை ஷிஃப்டில் உட்கார்ந்தால் மாவட்ட வாட்ஸ்அப் குரூப்பில் ஒன்பது மணிக்குள் நூறு வீடியோ கிடக்கும். திறந்து பார்ப்பது பாதிகூட இருக்காது. மேலே இருந்து, 'அவன் சேனல்ல பஸ் கவுந்தது ஓடுது, நம்மகிட்ட ஏன் இல்ல?' என்று கத்துவார்கள். நான் அந்த ஊர் ஸ்டிரிங்கருக்குப் போன் போட்டு அதையே கத்துவேன். அவர் அப்போதுதான் இரவு முழுக்க ஜி.ஹெச்.சில் நின்றுவிட்டுப் படுத்திருப்பார். அவர் போட்ட வீடியோ ஆறு மணிக்கே குரூப்பில் இருந்திருக்கும், நான்தான் பார்த்திருக்க மாட்டேன். ஒரு தடவை இப்படித் தெரிந்தபோது மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்ல சார், அது மட்டும் ஓடுமா?' என்றார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று, பிரஸ் மீட்டில் மேஜை மேல் மைக்கை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள் பார்த்திருப்பீர்கள். நம் லோகோ பிரேமில் தெரியவில்லை என்றால் செய்தியாளருக்கு மெமோ மாதிரி போன் போகும். என்ன கேள்வி கேட்டாய் என்று யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

கேபிள்_கண்ணன் · திங்கள், மதியம் 2.02

எல்லா ஓனரும் குவாரிக்கு ஆள் அனுப்புகிறவன் இல்லை தம்பி. நியூஸை நிறுத்தச் சொல்கிறீர்களா? நிறுத்தினால் எங்கள் ஊர் சாக்கடையைச் சென்னையிலிருந்து வந்து யார் எடுப்பார்?

டெஸ்க்பூனை · திங்கள், மதியம் 2.10

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் சேனலில் சாக்கடை ஓடாது, உண்மைதான்.

பழைய_பேனா · திங்கள், மாலை 5.44

38 வருடம் அச்சு ஊடகத்தில் இருந்தவன். டிவிக்காரர்கள் வந்த பிறகுதான் மாவட்டத்தில் பிரஸ் என்றால் மரியாதை போனது. நாங்கள் தபால் கவரில் செய்தி அனுப்பிய காலத்தில்…

முன்னாள்_மைக் · திங்கள், மாலை 6.00

ஐயா, தபால் கவர் காலத்தில் மற்ற கவர் இல்லையா?

பழைய_பேனா · திங்கள், மாலை 6.21

இருந்தது. சரி, விடுங்கள்.

மழைத்துளி_22 · திங்கள், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்கத் தயங்கியதே இப்போது வந்துவிட்டது. 'கவர்' என்று கிளாஸில் சார் சொன்னபோது சிரித்தோம். உண்மையில் எப்படி நடக்கும்? வாங்க மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும்?

முன்னாள்_மைக் · திங்கள், இரவு 11.18

நான் வாங்கியிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் தடவை ஒரு தனியார் பள்ளி ஆண்டு விழா. முடிந்து கிளம்பும்போது எல்லாருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். டைரி, பேனா, ஒரு ஸ்வீட் பாக்ஸ். டைரிக்கு நடுவில் வெள்ளைக் கவர். மற்றவர்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, வண்டியின் சைடு பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் பெட்ரோல் பங்கில் நின்று பிரித்தேன். 200 ரூபாய். சட்டைப்பையில் அப்போது 30 ரூபாய் இருந்தது, வீட்டுக்கு 22 கிலோமீட்டர். டேங்கில் போட்டுவிட்டேன். அவ்வளவுதான், பெரிய நாடகமெல்லாம் இல்லை. பசிக்கிறவனுக்கு அது லஞ்சமாகத் தெரியாது, பெட்ரோலாகத்தான் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அதே பள்ளியின் வேன் ஒரு கிழவர் மேல் ஏறிவிட்டது. நான் ஸ்பாட்டில் நிற்கிறேன், தாளாளர் போன். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. 'தம்பி, பாத்துப் போடுங்க' என்றார். அந்தத் 'தம்பி'யில் 200 ரூபாய் இருந்தது. நான் செய்தியை அனுப்பிவிட்டேன். ஆனால் சேனலில் ஓடவில்லை. ஏனென்றால் அவர் ஓனருக்கு வருட விளம்பரம் கொடுக்கிற ஆள். என் கவரைவிடப் பெரிய கவர் எனக்கு மேலேயே இருந்திருக்கிறது.

வாங்க மாட்டேன் என்றால் யாரும் அடிக்க மாட்டார்கள். கொடுக்கிற பி.ஏ. ஒரு மாதிரிப் பார்ப்பான், கூட இருக்கிற நாலு பேர் 'பெரிய உத்தமி' என்பார்கள். கஷ்டம் அதில் இல்லை. வாங்காமல் இருக்க வேண்டுமானால் வீட்டிலிருந்து யாராவது உனக்குப் பணம் தர வேண்டும். அப்படிப் பார்த்தால், உன் சேனல் நியூஸுக்கு உன் அப்பாதான் முதலீட்டாளர்.

வெண்ணிலா97 · செவ்வாய், காலை 7.40

பெண் யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், நானே எழுதுகிறேன். ஐந்து வருடமாக மாவட்டச் செய்தியாளர், இரண்டு வருடம் லோக்கல் சேனல், இப்போது ஒரு டிஜிட்டல் சேனல்.

பாப்பா, உனக்குச் சம்பளத்துக்கு அடுத்து வரப்போகிற பிரச்சினை பாத்ரூம். சிரிக்காதே. திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், செவ்வாய் ஒரு மறியல், புதன் அமைச்சர் வருகை. அமைச்சர் பத்து மணி என்றால் ஒரு மணிக்கு வருவார். சாலையோரம், வயல்வெளி, புதிதாகக் கட்டித் திறக்கப்படாத கட்டிடம். முதல் வருடம் காலையில் தண்ணீரே குடிக்காமல் போனேன். நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனதும், 'என்ன வேலை பாக்கறீங்க?' என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அடுத்தது வாட்ஸ்அப். மாவட்டத்தில் இருக்கிற எல்லா கட்சி, எல்லா துறை, எல்லா சங்க குரூப்பிலும் உன் நம்பர் ஏறும். இரவு 11 மணிக்கு 'குட் நைட் மேடம்' ரோஜாப்பூ வரும். பாதி ரோஜாப்பூ நமக்கு நாளைக்குத் தகவல் தர வேண்டிய ஆட்கள். வேலைக்கென்று தனி சிம் வாங்கு. நான் இரண்டாவது வருடம்தான் வாங்கினேன், அதற்குள் என் நம்பர் மாவட்டம் தாண்டிப் போய்விட்டது.

லோக்கல் சேனலில் இருந்தபோது கூட வேலை பார்த்த ஒருத்தரால் எனக்குத் தொந்தரவு. ஓனரிடம் சொன்னேன், 'அவன் அப்படித்தான், கண்டுக்காதே' என்றார். ஆபீஸில் ஆறே பேர், எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் வேலையை விட்டேன். பிறகுதான் தெரிந்தது: பணியிடப் பாலியல் தொந்தரவுக்கான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிறுவனத்திலேயே புகார்க் குழு வைக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பயிற்சி பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. இரண்டாவது வாரமே ஒரு போக்சோ வழக்கு. பெயர் போடக் கூடாது என்று மட்டும் தெரியும். நான் பாட்டுக்குத் தெருப் பெயர், பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டு அம்மாவின் பைட், எல்லாம் வைத்து ஸ்கிரிப்ட் அனுப்பிவிட்டேன். அந்தச் சட்டத்தில் 23-வது பிரிவு, குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய பள்ளி, குடும்பம், வசிக்கிற இடம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது, மீறினால் சிறைக்கே போகலாம். எடிட்டிங் பையன் பார்த்துவிட்டு, 'அக்கா, இதப் போட்டா ரெண்டு பேரும் உள்ளே' என்று நிறுத்தினான். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்யப் பார்த்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. பையனுக்குச் சம்பளம் 6,000.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன், நான் இந்த வேலையை விடவில்லை. ஒரு மலைக்கிராமத்துக்கு ரோடு இல்லை என்று மூன்று தடவை போட்டோம், நாலாவது தடவை ஜேசிபி வந்தது. அந்த ஊர்க்காரர்கள் எனக்கு ஒரு மூட்டை சாமை கொடுத்தார்கள். அதை மட்டும் வாங்கிக்கொண்டேன். இது கவரில் சேருமா முன்னாள்_மைக் அண்ணா?

முன்னாள்_மைக் · செவ்வாய், காலை 8.02

சாமை சேராது. உப்புமா பண்ணியிருந்தால் சேரும்.

சட்டப்புள்ளி · செவ்வாய், இரவு 9.55

தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறேன், ஊடகக்காரன் இல்லை. கேட்ட கேள்விக்கு நேரே வருகிறேன்.

இத்தனை காலம் சிக்கல் என்னவென்றால், உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று இருந்த 1955 சட்டம் செய்தித்தாள்களுக்கு மட்டும். நாலு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஊதியக் குழு, கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை எல்லாம் அதில் உண்டு. பத்திரிகை ஊழியர் சம்பளத்தைப் பற்றிய மஜீத்தியா குழு பரிந்துரையை 2011-ல் அரசு அறிவித்து, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்ததே, அதுவும் அச்சு ஊடகத்துக்கும் செய்தி முகமைகளுக்கும்தான். டிவிக்காரர் அந்தக் கணக்கிலேயே இல்லை. பழைய_பேனா ஐயாவுக்கும் மழைத்துளிக்கும் நடுவில் இருந்த வேலி அது.

2020-ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தன. பழைய 1955 சட்டம் அதற்குள் போய்விட்டது. இப்போது 'உழைக்கும் பத்திரிகையாளர்' என்பதில் மின்னணு, டிஜிட்டல் ஊடகமும் சேரும். வேலைக்கு எடுக்கிறவருக்கு நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். பத்திரிகையாளருக்கு மூன்று வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு.

சந்தோஷப்படுவதற்குள் ஒரு ஆனால். நியமனக் கடிதம் கேட்கிற அந்தத் தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்குத்தான். செருப்புக்கடை மாடியில் பத்துப் பேர் இருப்பார்களா? இ.எஸ்.ஐ.க்கும் பத்துப் பேர், பி.எஃப்.புக்கு இருபது பேர். பத்தாவது ஆளை ஏட்டில் ஏற்றாமல் வைத்திருக்கிற ஓனர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இந்தத் தலைக்கணக்கு கிடையாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்பதும் அப்படித்தான். சம்பளத்தில் சட்டம் சொன்ன காரணங்களுக்கு மட்டுமே பிடித்தம் செய்யலாம்.

மழைத்துளி, கடிதம் கேளுங்கள். தராவிட்டால் சம்பளத்தைக் கையில் வாங்காதீர்கள், வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். டெபாசிட் கொடுத்தே ஆக வேண்டுமானால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கூடாது. நாளைக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய் நின்றால், 'நீ அங்கே வேலை பார்த்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்பதுதான் முதல் கேள்வி. லோகோ மைக்கோடு நிற்கிற செல்ஃபி பெரிய அத்தாட்சி ஆகாது.

டெஸ்க்பூனை · செவ்வாய், இரவு 10.20

ஸ்டிரிங்கருக்கு இதில் இடம் இருக்கிறதா சார்?

சட்டப்புள்ளி · செவ்வாய், இரவு 10.41

பகுதி நேரம் என்றாலும் பத்திரிகையாளர்தான் என்று வரையறை சொல்கிறது. ஆனால் அவர் 'வேலைக்கு அமர்த்தப்பட்டவர்' என்று காட்ட வேண்டும். துண்டுக்கு இவ்வளவு என்று வவுச்சரில் காசு வாங்குகிறவரை, 'எங்கள் ஊழியரே இல்லை' என்று சொல்லத்தானே அந்த வவுச்சர்?

பழைய_பேனா · புதன், காலை 6.30

முந்தாநாள் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன். ஒரு விஷயம் சொல்கிறேன், பயன்படும். கொரோனா சமயத்தில், 2021 மே மாதம், செய்தியாளர்களை முன்களப் பணியாளர்கள் என்று தமிழக அரசு அறிவித்தது. 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது. அதே வருடம் பத்திரிகையாளர் நல வாரியமும் வந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் அந்த ஊக்கத்தொகை அரசு கொடுத்த செய்தியாளர் அட்டை வைத்திருந்தவர்களுக்கு. எங்கள் ஊரில் சுடுகாட்டு வாசலில் நின்று பிணம் எண்ணிய பையன்கள் லோக்கல் சேனல்காரர்கள், ஒருத்தன் கையிலும் அந்த அட்டை இல்லை. நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன், என்னிடம் அட்டை இருந்தது. குழந்தாய், உன் சேனல் மூலமாக அட்டைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேள். 'ஐடி கார்டு' என்று அவர் கொடுப்பது சேனலே அச்சடித்தது, அது வேறு.

ஊர்க்குருவி · புதன், காலை 9.15

அதனால்தான் தெருவில் மூன்றாவது வண்டியில் எல்லாம் பிரஸ் ஸ்டிக்கர். எங்கள் தெருவில் கோழிக்கறிக்கடைக்காரர் ஒட்டியிருக்கிறார். கேட்டால் 'மச்சான் சேனல்ல இருக்கான்' என்கிறார். 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் போலிப் பத்திரிகையாளர்களைக் களையச் சொல்லி உத்தரவு போட்டது. ஸ்டிக்கர் குறைந்ததாகத் தெரியவில்லை.

முன்னாள்_மைக் · புதன், காலை 9.40

போலி யார், அசல் யார் என்பதற்கு ஒரே ஒரு அளவுகோல் வையுங்கள் சார், சம்பளப் பட்டுவாடா. அதை வைத்தால் மாவட்டத்தில் பாதி அசலும் போலியாகிவிடும், நான் உட்பட.

மழைத்துளி_22 · அடுத்த வாரம் வெள்ளி, இரவு 8.05

எல்லோருக்கும் நன்றி. போனேன், கேட்டேன்.

'விளம்பரம் வரவில்லை என்றால் சம்பளம் வருமா சார்?' முன்னாள்_மைக் அண்ணா சொன்னபடி முகத்தைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, 'யாரும்மா சொல்லிக் குடுத்தா?' என்றார்.

டெபாசிட்டுக்கு ஒரு வழி சொன்னேன். மைக் என் செலவில் வாங்கிக்கொள்கிறேன், லோகோ டப்பாவை மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்குகிறேன், தினமும் இரவு ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்று. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். சம்பளம் 8,000, பெட்ரோலுக்கு 1,500 தனி, பேங்கில்தான். போக்சோ விஷயத்தில் செய்தி போகும் முன் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன், 'நீதான் படிச்சிருக்கியே, நீயே பாத்துக்கோ' என்றார்.

அட்டை பற்றிக் கேட்டதற்கு 'அதெல்லாம் அப்புறம்'.

கடிதம் ஒன்று லெட்டர்பேடில் டைப் அடித்து வந்தது. என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அது போகட்டும், பதவி என்ற இடத்தில் 'ரிப்போர்ட்டர் கம் மார்க்கெட்டிங்' என்று இருந்தது. பேனாவால் 'கம் மார்க்கெட்டிங்'கை அடித்துக் கொடுத்தேன். 'திருத்தித் தரேன்' என்று வாங்கி டிராயரில் போட்டுவிட்டார். ஆறு நாள் ஆகிறது.

அப்பாவிடம் மூன்று மாதம் கேட்டிருக்கிறேன். கொடுத்திருக்கிறார், முகம் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம்தான் முதல் வேலை.

சட்டப்புள்ளி · வெள்ளி, இரவு 8.30

டிராயருக்குப் போகும் முன் அந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்தீர்களா?

மழைத்துளி_22 · வெள்ளி, இரவு 8.33

எடுத்தேன் சார். அடித்ததற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

கேபிள்_கண்ணன் · வெள்ளி, இரவு 9.10

இந்தப் பிள்ளை என்னிடம் வந்திருந்தால் நான் வேலை கொடுத்திருக்க மாட்டேன், பயந்திருப்பேன். சும்மா சொல்கிறேன். லோகோ டப்பாவை ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போகிற யோசனை நன்றாக இருக்கிறது, நானும் அப்படியே மாற்றிக்கொள்கிறேன்.

வெண்ணிலா97 · வெள்ளி, இரவு 10.25

பவர் பேங்க், இரண்டு சார்ஜர் வயர், மெமரி கார்டு ஒன்று கூடுதலாக, குடை, கடலை மிட்டாய். துப்பட்டா வேண்டாம், மைக் வயரில் மாட்டும். கூட்டத்தில் கலெக்டர் பக்கம் எல்லாரும் நிற்பார்கள், நீ மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிற மரத்தடிக்குப் போ, செய்தி அங்கேதான் இருக்கும். தண்ணீர் பாட்டில் கொண்டு போ, குடி. பெரும்பாலும் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அதிகாரி) ஆபீஸ் பக்கத்து பாத்ரூம் பூட்டித்தான் இருக்கும், பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடாதே. கூட்டிப் பெருக்குகிற அக்காவிடம் சாவி இருக்கும், பேர் கேட்டுப் பேசு.